மேல்தண்ணி நூறு, கீழ்த்தண்ணி முப்பது

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்துப் போடுவேன். பெயர்ப் பட்டியல் வாசிப்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

கல்முனைக்கு மேற்கே ஒரு வட்டைக்கு வட்டவிதானையாக இருந்தேன். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது வட்டை. அந்தத் தண்ணீரைத் திறந்து மூடுகிறவன் வட்டவிதானை. வயல்காரன் தானாக மதகில் கை வைக்க முடியாது. என்னிடம் கேட்க வேண்டும். நான் நீர்ப்பாசன அலுவலகமான கந்தோரில் கேட்பேன். கந்தோர் ஓம் என்றால் திறப்பேன். போகத்துக்கு ஒருமுறை வயல்காரர்கள் கூடிக் கை உயர்த்தி விதானையைத் தெரிவுசெய்வார்கள். "அவன் வாய் திறக்கமாட்டான், மதகை மட்டும் திறப்பான்" என்று சொல்லித்தான் என்னை முதல் தடவை தெரிவுசெய்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் கந்தோருக்குக் கம்பியூட்டர் வந்தது. வருடம் சரியாக நினைவில்லை. வெளிநாட்டு உதவி என்றார்கள். அலுமாரி உயரத்தில் ஒரு பெட்டி. அதை வைத்த அறைக்குக் குளிர் மிசின் பூட்டினார்கள். எழுத்தர்களுக்கெல்லாம் பெரியவரான பிரதம லிகிதரின் மேசைக்கு மேலே காற்றாடிகூட இல்லை. அதனால் அவருக்குப் பெட்டியோடு முதல் நாளே கோபம்.

"எனக்கு வேர்த்தா ஒருத்தரும் கேக்கல்ல. இதுக்கு வேர்க்குமாம்" என்றார்.

பெட்டியோடு கொழும்பிலிருந்து ஒரு இளம் எஞ்சினியர் வந்தார். ஊர் யாழ்ப்பாணப் பக்கம். வாடிவீட்டில் தங்கினார். பெட்டிக்கு முன்னால் இருந்து தட்டுவதற்குப் பாண்டிருப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளையை எடுத்தார்கள். அவளுக்கு வாய் நல்ல கூர். அச்சு மிசினை மட்டும் அறைக்குள் வைக்கவில்லை. சத்தம் காதைக் குடைகிறது என்று பிரதம லிகிதர் அதை வெளி மண்டபத்துக்குத் தள்ளிவிட்டார்.

பெட்டியிலிருந்து மண்டபத்துக்குச் சுவர் மேலால் கம்பி இழுத்தது பஜாரிலிருந்து வந்த வயரிங்காரன். அன்று நான் ஒரு கடிதம் கொடுக்கப் போயிருந்தேன். ஏணியைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். வேலை முடிந்ததும் மிச்சமாக ஒரு கம்பிச் சுருள் அவன் கையில் இருந்தது.

"படத்துல மூண்டு கம்பி கீறிரிக்கி" என்றான். "அச்சு மிசின் என்ன, கதைக்கவா போகுது? கேக்கிற மட்டும்தானே. போற கம்பி ஒண்டு, மண்ணுக்கு ஒண்டு. வாற கம்பி என்னத்துக்கு? இந்தாங்க விதானை, வேலிக்கு உதவும்."

வாங்கினேன். நல்ல கம்பி. வேலிக்குப் போடவில்லை. வாய்க்கால் வாசலில் தண்ணீரை மறிக்கிற பலகை ஒன்று உண்டு. அதைத் தண்ணீர் இழுக்காமல் முளைக் கட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.

அந்தச் சிறுபோகத்துக்குக் கந்தோரிலிருந்து ஒரு கட்டளை வந்தது. இனிமேல் தண்ணீர் முறைப் பட்டியல் கம்பியூட்டர் தாளில் வர வேண்டும். யாருக்கு, எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்று எல்லாம். அதில் பிரதம லிகிதர் முத்திரை குத்துவார். ஜீப் அதைக் குளத்து மதகடிக்குக் கொண்டுபோகும். அதற்குப் பிறகுதான் மதகு திறக்கும். கையால் எழுதினால் முத்திரை இல்லை.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வரும் என்றார்கள். உழவுத் தண்ணீர் முன்பே வந்து எல்லாரும் உழுது முடித்திருந்தோம். மட்டம் அடித்து விதைக்க ஒரு தண்ணீர் வேண்டும். அதுதான் மிச்சம். நான் கந்தோர்ச் சொல்லை நம்பி, திங்கட்கிழமை காலை வட்டையில் நாற்பது பேருக்கும் சொன்னேன்.

"விதைநெல்லை ஊறப்போடுங்க."

நான் ஒரு சொல் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள். அடிக்கடி சொல்லாததால்தான். நாற்பது வீட்டிலும் நெல் தண்ணீருக்குள் போனது. என் வீட்டில் எட்டுப் புசல். ஊறின நெல் ஒரு நாளில் தண்ணீரை விட்டு வெளியே வரும். அடுத்த நாள் முளை விடும். வியாழக்கிழமை சேற்றில் விழாவிட்டால் சாக்குக்குள்ளேயே சூடேறி நாறிப்போகும். கோழிக்குத்தான் போட வேண்டும்.

செவ்வாய் காலை நான் கந்தோர் மண்டபத்து நீள வாங்கில் போய் இருந்தேன். எங்கள் வட்டையில் பெரிய வயல்காரரான போடியாரும் வந்திருந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேர்ட், ஒரு மோட்டார் சைக்கிள். அவருக்குக் குரல் பெரிது. காது அவ்வளவு இல்லை.

அச்சு மிசின் பாய்ந்து அடித்தது. முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கியது. மூன்றாவது அதற்கும் அங்கால். படிப்படியாக இறங்கி, வலது ஓரத்தில் போய், மிச்சப் பெயர்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கறுத்தன.

போடியார் தாளைத் தூக்கிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். மிசின் ஓதப் பழகுது. வலப் பக்கத்தாலதான் தொடங்குவனெண்டு நிக்கிது."

"அது அரபு இல்ல போடியார்" என்றாள் பாண்டிருப்புப் பிள்ளை. "வரி முடிஞ்சா ஒரு படி கீழ இறங்கோணும். மறுகா இடப்பக்கம் ஓடியும் வரோணும். இது இறங்குது, ஓடி வருகுதில்ல."

எஞ்சினியர் தலையைச் சொறிந்தார். "பிழை என்னிலைதான். புரோகிராம் 'வரி முடிஞ்சுது' எண்டு மட்டும்தான் சொல்லும். ஓடி வாறதை டிரைவர்தான் சேர்த்துக் குடுக்கவேணும். நான் டிரைவருக்குச் சொல்லேல்லை."

வெளியே நின்ற ஜீப் டிரைவர் யன்னலால் தலையை நீட்டினார். "எனக்கு என்ன சொல்லல்ல?"

"உங்களை இல்லை அண்ணை. உள்ளுக்கை இருக்கிற டிரைவரை."

ஜீப் டிரைவர் குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. அன்று முழுக்க அவர் ஜீப்பை விட்டுத் தூரப் போகவில்லை. சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

எனக்கும் அது விளங்கவில்லை. எஞ்சினியர் உள்ளே தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"டிரைவரெண்டா என்ன புள்ள?"

"காக்கா" என்றாள். எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "புரோகிராம் எண்டது தண்ணி கேட்டு வாற வயல்காரன் மாதிரி. அவன் நேரா அச்சு மிசினத் தொட ஏலாது. கேர்னலிட்டத்தான் கேக்கோணும்."

"கேர்னல்?"

"பருப்பு. உமிக்குள்ள அரிசி இருக்கிறதில்லையா, அப்பிடி. இந்தப் பெட்டிக்கு அதுதான் நடு. ஆனா அதுக்கு அச்சு மிசினத் தெரியாது. ரெண்டு நம்பர்தான் தெரியும். எந்த டிரைவர், அவர்ர கையில எத்தினையாவது கம்பி. டிரைவர்தான் மிசினோட கதைக்கிறவர்."

அது எனக்கு உடனே விளங்கியது. கந்தோரின் பெரிய எஞ்சினியர் ஐயாவுக்குப் போடியாரையும் தெரியாது, அவர் வயல் மேடா பள்ளமா என்றும் தெரியாது. வட்டை நம்பர், வாய்க்கால் நம்பர். அவ்வளவுதான் தெரியும். மிச்சம் என் பாடு.

அவள் இன்னொன்றும் சொன்னாள். தட்டுகிற எழுத்து நேராகப் பெட்டியின் கண்ணாடித் திரைக்கு வருவதில்லையாம். பெட்டிக்குள் போய், டிரைவரின் கைபட்டு, திரும்பி வருமாம். ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் வருகிற மாதிரி. பிழையாகத் தட்டினால் டிரைவர் அழித்துவிடுமாம். வரி முடியும்வரை புரோகிராமுக்கு எதுவும் தெரியாதாம். சுத்தமான வரிதான் அதனிடம் போய்ச் சேருமாம்.

நான் அதையும் பதினைந்து வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் பிந்தினால் போடியார் வாய்க்கால் வரம்பில் நின்று எஞ்சினியர் ஐயாவின் குடும்பம் முழுவதையும் ஏசுவார். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். கந்தோருக்கு வந்து, "போடியாருக்குத் தண்ணி வேணுமாம்" என்பேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அடித்தார்கள். இம்முறை வரிகள் ஒழுங்காக இடப்பக்கம் ஓடிவந்தன. எழுத்துகள்தான் காணாமல் போயின. கண்ணாடியில் எல்லாப் பெயரும் சரி. தாளில் இல்லை. என் பெயரில் தலை இருந்தது, வால் இல்லை. போடியாரின் பெயர் அடியோடு இல்லை. ஒருவரின் தலையும் அடுத்தவரின் வாலும் ஒட்டி, எங்கள் வட்டையில் ஒருநாளும் இல்லாத ஒரு ஆள் பிறந்திருந்தார். அவருக்கு நாலு ஏக்கர் இருந்தது. வெள்ளிக்கிழமை தண்ணீர்.

"ஆர் இவன்?" என்று போடியார் கத்தினார். "என்னத் தின்னுட்டு இவனப் பெத்திரிக்கி!"

பிரதம லிகிதர் முத்திரையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "ஆளில்லாத ஆளுக்குத் தண்ணி குடுக்க ஏலாது. சரியாக் கொண்டு வாங்க."

நான் வீட்டுக்குப் போனேன். நெல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடினேன்.

"இஞ்சருங்க, நாளைக்கித் தண்ணி வரும்தானே?" என்றார் மனைவி.

"வரும்."

"ஒங்கட முகம் அப்பிடிச் சொல்லல்லயே."

நான் இன்னும் கொஞ்சம் வைக்கோல் போட்டேன்.

புதன் காலை சாக்குக்குள் கையை விட்டேன். சூடாக இருந்தது. நெல்மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன்.

எஞ்சினியர் விடியலிலேயே வந்திருந்தார். எழுத்துகள் எங்கே வழிந்து போகின்றன என்று அவருக்கு விளங்கவில்லை. பெட்டிக்குள் எழுத்துகள் வரிசையில் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரிசை. அது நிரம்பி வழிகிறதோ என்று சந்தேகப்பட்டார். அந்த வரிசைக்கு இரண்டு அளவு வைத்துத் திரும்பவும் கேர்னலைக் கட்டினார். மறக்காமல் இருக்க ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, குளிர் அறைக் கதவில் ஒட்டிவிட்டு, கம்பிகளைப் பார்க்க மேசைக்குக் கீழே போனார். வாயில் டோர்ச். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்த நேரத்தில் போடியார் வந்தார். கதவில் இருந்ததை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.

"ஹை வாட்டர் நூறு. லோ வாட்டர் முப்பது."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த இரண்டு சொல்லும் தெரியும், மேல்தண்ணி, கீழ்த்தண்ணி. குளத்து அணைக்கட்டில் அளவுப் பலகைக்குப் பக்கத்தில் அவைதான் எழுதியிருக்கும். அவர் மேசைக்குக் கீழே தெரிந்த கால்களிடம் கேட்டார்.

"தம்பி, இது என்ன? நூறுக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"நிப்பாட்டிப் போடுவம்" என்றன கால்கள்.

"கொஞ்சமும் உடமாட்டீங்களா?"

"ஒண்டும் விடேலாது. விட்டால் வழிஞ்சு வீணாப் போகும்."

"மறுகா எப்பத் திறப்பீங்க?"

"முப்பதுக்கு இறங்கவேணும். அதுக்குப் பிறகுதான்."

"அதுவரைக்கும் கேட்டு வந்தவனுகள்?"

"நித்திரை."

"என்ன?"

"நித்திரையாக்கிப் போடுவம். முழிச்சிருந்து என்ன செய்யிறது? சும்மா இடைஞ்சல்தானே."

போடியாரின் முகம் சிவந்தது. "ஆரு எழுப்பிற?"

"டிரைவர்தான் எழுப்பவேணும்."

போடியார் யன்னலால் ஜீப்பைப் பார்த்தார். ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஆர்ர கட்டள?" போடியாரின் குரல் இறங்கிவிட்டது.

"கேர்னல்தான். எல்லாம் கேர்னலிட்டைக் கேட்டுத்தான் நடக்கும். ஒருத்தரும் தன்ரபாட்டிலை கை வைக்கேலாது."

போடியாரின் காதில் விழுந்தது கேணல், ராணுவத்துப் பெரிய அதிகாரி. அந்த வருடங்களில் எங்கள் பக்கம் கேணல் என்ற சொல்லைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். ராணுவ வண்டி தெருவில் போனால் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்துவார். போடியார் தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்தார். வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

நான் வாங்கில் இருந்து எல்லாம் கேட்டேன். அது பருப்பு, கேணல் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் குளத்துத் தண்ணீர் இல்லை என்றும் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தேன். நான் வாயெடுத்து முடிக்க அவர் சந்தையைத் தாண்டியிருப்பார்.

அளவை மாற்றி அடித்த தாளிலும் எழுத்துகள் இல்லை. நாலு ஏக்கர்காரர் மட்டும் மறுபடி வந்திருந்தார். அவருக்கு இப்போது ஒரு தம்பியும் இருந்தார்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிய வட்டை முழுக்கக் கந்தோருக்கு வந்துவிட்டது. சைக்கிள்கள், இரண்டு ட்ரக்டர், பின்னால் இழுவைப் பெட்டி நிறைய ஆட்கள். பாதிப் பேரின் கையில் முளைத்த நெல் ஒரு பிடி. கதை வயலிலிருந்து வருவதற்குள் வளர்ந்துவிட்டது. குளம் முப்பது அடிக்கு வற்றும்வரை மதகு திறப்பதில்லையாம். கேணல் சொல்லிவிட்டாராம். அதுவரைக்கும் ஊரடங்காம். பகலிலும் வீட்டுக்குள் நித்திரை கொள்ள வேண்டுமாம். ஜீப் வந்து எழுப்புமாம்.

"முப்பதுக்கு வத்த ரெண்டு மாசம் போகும்! ரெண்டு மாசம் நித்திர கொள்ள நாங்க என்ன, ஆமையா?" என்று ஒருவர் கத்தினார்.

"கேணல வரச்சொல்லுங்க! அவருக்கிட்டயே கேப்பம்!" இது போடியார்.

பிரதம லிகிதருக்குக் கேணல் வருகிற சங்கதி அப்போதுதான் தெரியும். அவர் சேர்ட்டின் மேல் பொத்தானைப் போட்டார். மண்டபத்தில் நல்ல கதிரை ஒன்றை இழுத்து, வெள்ளைத் துணி விரித்து, ஒரு போத்தல் சோடா வாங்கிவரச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து காதுக்குள் கேட்டார்.

"விதானை, எத்தின மணிக்கு வாராராம்?"

"வரமாட்டார்."

"ஏன், கோவமா?"

யன்னலுக்கு வெளியே நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெல்லை ஊறப்போடச் சொன்னது கேணல் இல்லை. நான்.

எஞ்சினியர் அச்சு மிசினுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். தலை இரண்டு கைக்குள். தனக்குத்தானே சொன்னார்: "உவர், இந்த அச்சு மிசின், மெதுவா அடிக்கிறவர். பெட்டி கெதியா அனுப்புது. வயிறு நிரம்பினால் 'போதும்' எண்டு ஒரு எழுத்துத் திருப்பி அனுப்பவேணும். டிரைவர் அதைக் கேட்டவுடன நிப்பாட்டும். உவர் சொல்லுறாரோ இல்லையோ தெரியேல்லை. டிரைவருக்குக் கேக்கேல்லை."

எங்கள் வேலையிலும் அதே முறைதான். வயல் நிரம்பினால் வயல்காரன் வரம்பில் நின்று "போதும்" என்று கூவுவான். நான் பலகையைப் போடுவேன். கூவுகிற சத்தம் என் காதுக்கு வராவிட்டால் தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போகும். முதலில் பார்க்க வேண்டியது சத்தம் எந்த வழியால் வருகிறது என்று.

"தம்பி, அது எந்தக் கம்பியால சொல்லும்?" என்று கேட்டேன். அந்த இரண்டு நாளில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"திரும்பி வாற கம்பியாலை அண்ணை."

"மொத்தம் எத்தின கம்பி வேணும்?"

"மூண்டு."

நான் சுவரைப் பார்த்தேன். இரண்டு கம்பி ஓடியது. மூன்றாவது எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எழும்பி வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தேன்.

"விதானை ஓடுறான்!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் கொஞ்சத் தூரம் துரத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் இல்லை. இரண்டு மைல் மிதித்து வாய்க்கால் வாசலுக்குப் போனேன். பலகையை முளைக் கட்டையோடு நான்தான் கட்டியது. பதினாறு சுற்று. களவு போகக் கூடாது என்று முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தேன். அவிழ்க்கும்போது என்னையே நான் ஏசினேன். கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. பலகையைக் கரையில் வைத்துவிட்டு, கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி மிதித்தேன்.

பாண்டிருப்புப் பிள்ளைதான் கம்பியை வாங்கினாள்.

"காக்கா, இதுல சேறு இருக்கு."

"ஓம்."

"பாசியும் இருக்கு."

"ஓம்."

அவள் சுவரில் ஓடும் இரண்டு கம்பியையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு ஒரு பழந்துணியால் கம்பியைத் துடைத்து எஞ்சினியரிடம் கொடுத்தாள்.

"எங்கையிருந்து எடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்டார்.

"கிடந்த."

ஏணியைக் கொண்டுவந்தார்கள். இம்முறையும் நான்தான் பிடித்தேன். மூன்றாவது கம்பி சுவர் மேலால் போய் இரண்டு முனையும் பூட்டியாயிற்று. வளைவு வளைவாகத்தான் இருந்தது. பலகையின் வடிவம் அதைவிட்டுப் போகவில்லை.

அச்சு மிசின் அடிக்கத் தொடங்கியது. நாற்பது பேரும் யன்னல் கம்பிகளில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். எட்டு வரி. பத்து வரி. மிசின் நின்றது.

"நிண்டுட்டு!" என்றார் போடியார். "அல்லாஹ்வே, செத்துட்டு!"

"பொறுங்கோ" என்றார் எஞ்சினியர். முதல் தடவையாக அவர் சிரித்தார். "வயிறு நிரம்பீட்டுது. போதும் எண்டு சொல்லிப்போட்டுது. டிரைவர் கேட்டு நிப்பாட்டீட்டுது. உள்ளுக்கை வரிசை நூறுக்கு வந்திருக்கும். புரோகிராம் நித்திரை."

மிசின் சளக் என்றது. திரும்ப அடித்தது.

"இப்ப 'அனுப்பு' எண்டு சொல்லிப்போட்டுது. வரிசை முப்பதுக்கு இறங்கினதும் டிரைவர் புரோகிராமை எழுப்பும்."

போடியார் மிசினுக்குக் கிட்டக் குனிந்தார். "அப்ப நித்திர கொள்ற நாங்க இல்லயா?"

"இல்ல போடியார்" என்றாள் பாண்டிருப்புப் பிள்ளை.

"தண்ணி குளத்துத் தண்ணி இல்லயா?"

"இல்ல. எழுத்து. நூறெழுத்து, முப்பதெழுத்து."

"கேணல்?"

"அது பருப்பு."

"பருப்பா?"

"ஓம். பருப்பு."

போடியார் வெளியே நின்றவர்கள் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து கேணல் கேணல் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். தொண்டையைச் செருமினார்.

"பருப்பாம்! என்னடாப்பா சும்மா கூட்டம் கூடி நிக்கிறீங்க? கலஞ்சு போங்க!"

அவர்கள் சிரித்த சிரிப்பில் ஜீப் டிரைவர் விழித்துக்கொண்டார். அன்று யாரையும் எழுப்பாமல் தான் மட்டும் எழும்பிய டிரைவர் அவர் ஒருவர்தான்.

பட்டியல் முழுதாக வந்தது. எல்லாருக்கும் தலையும் வாலும் இருந்தன. போடியார் விரல் வைத்துத் தன் பெயரை மூன்று தரம் வாசித்தார். "அந்த நாலேக்கர்க்காரன் எங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் கவலைபோலத்தான் இருந்தது. பிரதம லிகிதர் லாச்சியைத் திறந்து முத்திரை குத்தினார். வெள்ளைத் துணிக் கதிரையில் எஞ்சினியரை இருத்திச் சோடாவைக் கொடுத்தார். பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு முன் ஜீப் குளத்துக்குப் போனது.

வியாழன் காலை தண்ணீர் வந்தது. நிறைய வந்தது. வாய்க்கால் வாசலில் நான் பலகையைப் போட்டேன். கட்டக் கம்பி இல்லை. கயிறு போட்டேன். தண்ணீர் அதை ஒரு இழுப்பில் அறுத்தது. பலகை போனால் மேல் வயல்களுக்குத் தண்ணீர் ஏறாது. எல்லாம் வடிச்சலுக்குப் போய்விடும். வாய்க்காலுக்குள் இறங்கி, பலகையில் முதுகைக் கொடுத்து, காலை எதிர்ப் பக்கக் கரையில் ஊன்றி நின்றேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

வட்டை விதைக்கத் தொடங்கியது. என் எட்டுப் புசலும் வரம்பில் சாக்கோடு இருந்தது. முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியிருந்தது. நான் பலகையை விட்டால் நாற்பது பேருக்குத் தண்ணீர் இல்லை. விடாவிட்டால் என் நெல் கோழிக்கு.

போடியார் வரம்பால் வந்தார். அவருக்கு விதைத்து முடிந்துவிட்டது. ஆட்கள்தான் விதைத்தார்கள்.

"என்ன விதானை, குளிக்கிறயா?"

"பலகை நிக்குதில்ல."

"கம்பி கட்டியிருந்த நீதானே. எங்க கம்பி?"

"கந்தோருக்குப் போயிட்டு."

போடியார் என் முகத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். காது மந்தமானாலும் கணக்கு மந்தமில்லை. மெதுவாக வரம்பில் குந்தினார்.

"அப்ப அந்தப் 'போதும்' சொல்ற கம்பி..."

"ஓம்."

"இஞ்ச..."

"ஓம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சத்தம் வெளியே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். வெள்ளைச் சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். என் விதைநெல் சாக்கைத் தோளில் தூக்கினார்.

"நீ அசையாத. நான் விதைக்கன்."

"ஒங்களுக்குப் பழக்கமில்லயே."

"சின்ன வயசுல விதைச்சிரிக்கன். நீ ஒன்ட வேலயப் பாரு. நூறுக்கு வந்தா கூப்பிடு. நித்திரையாகிடாத."

அவர் விதைத்தார். கை வீச்சு ஒரு பக்கம் கனத்தது, ஒரு பக்கம் இல்லை. பின்னின முளைகளைப் பிரிக்காமல் பிடி பிடியாக எறிந்தார். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

அடுத்த போகக் கூட்டத்தில் முதல் கை அவருடையது. "வாய் திறக்கமாட்டான்" என்றார். கம்பியைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை.

அந்தப் போகம் என் வயல் திட்டுத் திட்டாக முளைத்தது. ஒரு இடத்தில் அடர்த்தி, பக்கத்தில் வெறும் சேறு. வழியில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள், என்ன விதானை, உங்கட வயலில் நடுவுக்கு நடுவு காணோமே என்று.

"மிசின் தின்னுட்டு" என்பேன்.